2.57 மடங்கு என்று சொன்னார்கள்

ராணுவத்தில் ஒரு படைப்பிரிவின் அலுவலகத்தில் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன் நான். சம்பளத்தில் நூறு ரூபாய் குறைந்தாலும் முதலில் என் மேசைக்குத்தான் வருவார்கள். அதிகாரியிடம் போய்க் கேட்கத் தயக்கம். என்னிடம் என்றால் தாராளமாகக் கோபப்படலாம். அப்படி வாங்கிய வசைகளின் பேரில்தான் இதை எழுதுகிறேன்.

2016 ஜூன் இறுதியில் ஏழாவது ஊதியக்குழுவின் பரிந்துரைகளை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. மறுநாள் எல்லோர் வாயிலும் ஒரே எண்தான்: 2.57. பழைய அடிப்படை ஊதியத்தை 2.57ஆல் பெருக்கினால் புதிய அடிப்படை ஊதியம். என்னோடு இருந்த ஒரு சிப்பாய் அன்று மாலையே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, "சம்பளம் இரண்டரை மடங்கு ஆகிறது" என்று சொல்லிவிட்டார். தங்கையின் திருமணத்தை முன்கூட்டியே வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அவர் மீது தவறில்லை. தொலைக்காட்சி சொன்னதைத்தான் அவர் சொன்னார்.

உண்மைக் கணக்கு வேறு. எளிதாகப் புரிய, ஒருவரின் பழைய அடிப்படை ஊதியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அகவிலைப்படி 125 சதவீதம். ஆக, அவர் ஏற்கெனவே 22,500 ரூபாய் வாங்கிக்கொண்டுதான் இருந்தார். 2.57ஆல் பெருக்கினால் 25,700. பழைய அகவிலைப்படி இந்தத் தொகைக்குள் கரைந்துவிடும். புதிய படி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கூடியது 3,200 ரூபாய், அதாவது பதினான்கு சதவீதத்துக்குச் சற்று அதிகம். அதுவும் பிடித்தங்கள் போவதற்கு முன்பு.

நல்ல உயர்வுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டரை மடங்கை எதிர்பார்த்தவன் கையில் பதினான்கு சதவீதத்தைக் கொடுத்தால் அவன் அதை உயர்வாகப் பார்க்க மாட்டான். தன்னிடமிருந்து யாரோ எடுத்துக்கொண்டதாகத்தான் நினைப்பான். எங்கள் சிப்பாயும் அப்படித்தான் நினைத்தார். "நடுவில் எங்கே போயிற்று?" என்று என்னிடம் வந்து கேட்டார். நான் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிடம் ஆனது. புரிந்தது, கோபமும் இறங்கியது. வீட்டுக்கு மறுபடி பேசும் சங்கடம் மட்டும் மிச்சம்.

அந்த ஐந்து நிமிடத்தை அவருக்கு யார் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. கட்டளை அதிகாரி எல்லா நிலை வீரர்களையும் கூட்டிப் பேசும் சைனிக் சம்மேளன் என்று ஒன்று இருக்கிறது. அதில் சுகாதாரம், ஒழுங்கு, விடுமுறை எல்லாம் பேசுவார்கள். சம்பளம் வந்தால் மட்டும், "அரசு நமக்கு நல்ல உயர்வு அளித்திருக்கிறது, மகிழ்ச்சியோடு பணியாற்றுங்கள்" என்ற ஒற்றை வரியோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். நான் பணியாற்றிய இடத்தில் அப்படித்தான் நடந்தது. கரும்பலகையில் மூன்று வரி எழுதிக் காட்டியிருந்தால் போதும்.

ராணுவப் பணியின் கடினத்துக்காக அடிப்படை ஊதியத்தோடு தனியாகத் தரும் ராணுவப் பணி ஊதியத்தின் கதையும் இதேதான். சிப்பாய்க்கு 2,000 ரூபாயிலிருந்து 5,200 ஆனது, அதிகாரிக்கு 6,000லிருந்து 15,500 ஆனது. இரண்டும் கேட்க இரண்டரை மடங்குக்கு மேல். பழைய தொகைக்கும் அகவிலைப்படி உண்டு என்பதைச் சேர்த்துப் பாருங்கள்: சிப்பாயின் 2,000 ஏற்கெனவே 4,500 ஆகியிருந்தது, அதிகாரியின் 6,000 ஏற்கெனவே 13,500. ஆக ஒருவருக்குக் கூடியது 700 ரூபாய், மற்றவருக்கு 2,000. அதே பனியிலும் அதே வெயிலிலும் நிற்பவர்களுக்கு இவ்வளவு வேறுபாடு ஏன் என்று கேட்டு வந்தவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அது நான் சொல்ல வேண்டிய பதிலும் இல்லை. மேலே இருப்பவர் நேராக நின்று, "இதுதான் முடிவு, காரணம் இது, எனக்கும் இதில் முழு உடன்பாடில்லை" என்று சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு அடங்கியிருக்கும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் முப்படைத் தளபதிகளும், குறைகள் தீரும்வரை புதிய ஊதியத்தை நடைமுறைப்படுத்துவதில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். தங்கள் ஆட்களுக்காகத்தான் நின்றார்கள், மதிக்கிறேன். தீபாவளிக்கு முன்பு இடைக்காலமாக 10 சதவீத முன்பணம் வந்தது. ஆனால் சிவில் ஊழியர்கள் புதிய சம்பளத்தை வாங்கிக்கொண்டிருக்க நமக்கு மட்டும் ஏன் நின்றது என்பது கடைசி வரிசையில் இருப்பவனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? வதந்தியாகத்தான். தனக்காக ஒருவர் போராடுவதே தெரியாமல் அவரையே திட்டிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இது நம் நாட்டின் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் 2025ஆம் ஆண்டுக்கு அடிமட்ட வீரர்களுக்கு 14.5 சதவீத உயர்வு என்று தலைப்புச் செய்தி வந்தது. ஆனால் ஜனவரியில் எல்லோருக்கும் போலவே 4.5 சதவீதம்தான், மீதி 10 சதவீதம் ஏப்ரலிலிருந்து. ஜனவரி ஊதியச் சீட்டைத் திறந்து பார்த்த இளைஞனிடம் யாராவது இதை முன்பே சொல்லியிருந்தால் சரி. சொல்லாவிட்டால், பத்து சதவீதத்தை எவனோ விழுங்கிவிட்டான் என்றுதான் அவனுக்குத் தோன்றும். 2018 டிசம்பரில் இராக்கின் அல் அசாத் விமானத் தளத்தில் அதிபர் டிரம்ப் வீரர்களிடம் பேசியது இன்னும் வேடிக்கை. பத்து ஆண்டுகளுக்கு மேலாக உங்களுக்கு உயர்வே இல்லை, நான்தான் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கித் தந்தேன் என்ற பொருளில் பேசினார். உண்மையில் ஆண்டுதோறும் உயர்வு வந்துகொண்டுதான் இருந்தது. 2019க்கான உயர்வு 2.6 சதவீதம். எதிரே நின்றவர்கள் ஒவ்வொருவருக்கும் தன் சம்பளம் தெரியும். தெரிந்தவனிடமே தவறான எண்ணைச் சொன்னால், அடுத்த முறை சரியான எண்ணைச் சொன்னாலும் அவன் எதற்கு நம்ப வேண்டும்?

இதற்கெல்லாம் பெரிய பாடம் 1931இல் பிரிட்டிஷ் கடற்படையில் கிடைத்தது. அது உயர்வல்ல, வெட்டு. பொருளாதார நெருக்கடியில் அரசு ஊதியத்தைக் குறைத்தது. பெரும்பாலோருக்குப் பத்து சதவீத அளவில். ஆனால் 1925க்கு முன்பு சேர்ந்து பழைய விகிதத்தில் இருந்த மாலுமிக்கு நாளொன்றுக்கு நான்கு ஷில்லிங் மூன்றாகக் குறைந்தது, அதாவது 25 சதவீதம். அட்லான்டிக் கடற்படை ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது மாலுமிகள் அதைச் செய்தித்தாளிலும் வானொலியிலும்தான் அறிந்தார்கள். தளபதி மருத்துவமனையில். விளக்கக் கடிதமோ அவர் வழக்கமாக இருக்கும் தலைமைக் கப்பலுக்குப் போயிருந்தது; அந்தக் கப்பல் தெற்கே போர்ட்ஸ்மவுத்தில் நின்றது. பொறுப்பில் இருந்த அட்மிரல் டாம்கின்சன் கைக்கு அது காலத்தில் வந்து சேரவில்லை. செப்டம்பர் 15, 16 தேதிகளில் மாலுமிகள் கப்பல்களைக் கிளப்ப மறுத்தார்கள். பங்குச் சந்தை ஆடியது, சில நாட்களில் பிரிட்டன், நாணயத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் தங்கத் தர முறையையே கைவிட்டது. நெருக்கடி முன்பே முற்றியிருந்தது, உண்மைதான். ஆனால் ஒரு கடிதம் தவறான கப்பலுக்குப் போனதும் அதில் சேர்த்தி.

"ராணுவத்தில் சம்பளத்தைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா, தேசப்பற்று எங்கே?" என்று இங்கே யாராவது கேட்பார்கள். இந்தக் கேள்வியை எல்லையில் நிற்பவர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது. அது கணக்குப் போட்டுச் சொல்லும், பேரம் பேசும். நம் சிப்பாய் சங்கம் சேரச் சட்டமே இடம் தரவில்லை. அது இருக்கட்டும், ஆயுதம் ஏந்தியவர்களிடம் அந்தக் கட்டுப்பாடு தேவை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அப்படி வாயை மூடியவனுக்கு அதிகாரிதான் வாய், அதிகாரிதான் காது. அவரும் ஒற்றை வரியோடு கடந்துவிட்டால் அவன் என்னைப் போன்ற ஓர் எழுத்தனிடமோ, யாரோ அனுப்பிய அரைகுறைச் செய்தியிடமோதான் போய் நிற்பான்.

பரிசு கொடுப்பதுபோல் அறிவிப்பதுதான் எனக்குப் பிடிக்காத இன்னொரு வழக்கம். விலைவாசி ஏறியதால் ஈடுகட்டக் கொடுப்பதை அன்பளிப்பு என்று சொன்னால், வாங்குகிறவன் நன்றி சொல்ல வேண்டியவன் ஆகிவிடுகிறான். எந்தத் தேதியிலிருந்து, அடிப்படையில் எவ்வளவு, படிகளில் எவ்வளவு, பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு, நிலுவை எப்போது: இவ்வளவுதான் அவனுக்கு வேண்டும். வராதது எது என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

1797இல் பிரிட்டிஷ் கடற்படை நங்கூரமிடும் ஸ்பிட்ஹெட்டில் நடந்ததை நினைத்துக்கொள்கிறேன். 1658க்குப் பிறகு மாலுமிகளின் ஊதியம் கூடவே இல்லை. கையெழுத்தில்லாத மனுக்களை முதிய தளபதி ஹோ பிரபுவுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், பதில் இல்லை. ஏப்ரலில் நங்கூரம் எடுக்க மறுத்தார்கள். உயர்வு தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. ஆனால் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறத் தாமதமானது. ஏன் தாமதம் என்று யாரும் போய்ச் சொல்லவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று மே மாதம் மறுபடியும் கிளர்ந்தார்கள், இம்முறை உயிரும் போனது. பிறகுதான் ஹோவையே அனுப்பினார்கள். வயது 71, கீல்வாதம் வேறு. படகிலிருந்து அவரைத் தூக்கித்தான் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. சட்டம் நிறைவேறிவிட்டது, மன்னிப்பும் உண்டு என்று ஒவ்வொரு கப்பலாக ஏறி, மாலுமிகளின் முகம் பார்த்துச் சொன்னார். வேலை முடிந்த அன்று அவர்களே அவரைத் தோளில் சுமந்து கரையில் கொண்டுபோய்விட்டார்கள்.