ஐந்தை ஆறாக்கும் வித்தை

மூன்றாவது தடவையாகவும் காசோலை திரும்பிவிட்டது. வங்கிப் படியிறங்கி, சைக்கிளைக்கூட எடுக்காமல், எதிரேயுள்ள தேநீர்க் கடையில் குந்தியிருந்து இதை எழுதுகிறேன். ஆகவே நிதானத்தை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் சிறியதோர் அச்சகம் நடத்துபவன். காசோலையைத் தந்தவர் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் கடை வைத்திருக்கும் முதலாளி. அவருடைய தந்தையாரின் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு என்னும் நினைவு நூலை அச்சிட்டபோது, ஒரு பக்கத்தில் ‘வாழ்ந்தார்’ என்பது ‘வாள்ந்தார்’ என்று விழுந்துவிட்டதற்காக என்னைக் கடை வாசலில் நிறுத்திவைத்து, தமிழ் அழிவது உன்னைப் போன்றவர்களால்தான் என்று முழங்கி, அந்தப் பக்கத்தை என் செலவிலேயே மறுபடி அடிக்க வைத்தவர். அதே மனிதர்தான், சனவரி பிறந்து எட்டு நாள் கழிந்த பின்னரும், 48,500 ரூபாவுக்கான காசோலையில் ஆண்டை 2025 என்று எழுதித் தந்தார். திகதியிட்டு ஆறு மாதம் கடந்தால் காசோலை காலங்கடந்ததாகிவிடும். இதுவோ மை காயும் முன்னரே கிழடு தட்டிப்போனது. அச்சுப் பிழை தேடிச் சரவை பார்த்தே வயிறு வளர்க்கும் நான் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்காதீர்கள். காசு என்றால் கண் தொகையில்தான் நிற்கும்.

கையோடு காசாக மாற்றலாம் என்று போனால், மேல் மூலையில் இரண்டு கோடுகளை இழுத்து, நடுவே ‘பெறுநர் கணக்குக்கு மட்டும்’ என்று முத்திரையும் குத்தியிருக்கிறார். அந்தக் கோடுகளைக் கண்டதுமே, கருமபீடத்துப் பிள்ளை மேற்கொண்டு வாசிக்காமல் தாளை என் பக்கம் தள்ளிவிட்டாள். சரியென்று பெட்டியில் போட்டேன். 2006ஆம் ஆண்டிலிருந்து வங்கிகளுக்கிடையே கணக்குத் தீர்க்கும் தீர்ப்பனவுக்காகக் காசோலைத் தாள் கொழும்புக்குப் பயணம் செய்வதில்லை. அதன் படம் மட்டுமே செல்கிறது, அடுத்த வேலை நாளில் முடிவும் தெரிந்துவிடுகிறது. முன்னர் நாட்கணக்கில் காத்திருந்து பெற்ற ஏமாற்றத்தை இப்போது ஒரே நாளில் பெற்றுக்கொள்ளலாம்.

திரும்பி வந்ததை முதலாளியிடமே திருப்பிக் கொண்டுபோனேன். “இதென்ன பெரிய விசயமே தம்பி” என்று சொல்லி, காதில் செருகியிருந்த பேனையை எடுத்து, 5இன் மேல் 6ஐ ஏற்றினார். அதை அவர் ஏற்றிய விதத்தைச் சொல்லாமல் விட என்னால் முடியாது. முதலில் மேலேயிருந்த கொம்பை வளைத்தார். வளைந்தது போதாதென்று இன்னொரு முறை அழுத்தினார். பிறகு வயிற்றை மூடினார். மூடிய வயிறு திறந்துகொண்டதுபோல் தோன்றவே மறுபடியும் மூடினார். தாள் பின்பக்கம் புடைத்தது. இறுதியில் அது ஐந்துமில்லை, ஆறுமில்லை, மழைக்காலத்துத் தவளையொன்று நாடியில் கை வைத்துக் குந்தியிருப்பதுபோல் இருந்தது. “பக்கத்தில ஒரு கையெழுத்து வையுங்கோ அண்ணை” என்றேன். “என்ரை எழுத்து பாங்குக்குத் தெரியும்” என்றார். பாங்குக்குத் தெரிந்திருக்கவில்லை.

பின்னர் புதிய காசோலை எழுதினார். ஆண்டு சரி, பெயர் சரி, அடியில் காந்த மையால் பொறித்த எண்வரிசையின் மேல் ஒரு சொட்டுத் தேநீர்கூடச் சிந்தவில்லை. எழுத்தில் நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு, இலக்கத்தில் 45,800! இவ்வாறு இரண்டும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்று 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம் சொல்கிறது. எழுத்தை நம்பிப் பிழைக்கும் எனக்கு இதைவிட இனிய சட்டம் வேறில்லை என்பதால், இன்று காலை கருமபீடத்தில் நின்று அதை விரிவாகவே எடுத்துரைத்தேன். பின்னால் வரிசையில் நின்ற ஓர் அம்மா கொட்டாவி விட்டார். “சட்டம் சரி ஐயா, ஆனா அங்காலை பாங்க் திருப்பிப்போட்டுது” என்று சொல்லி, காரணத்துக்கு நேரே சரியடையாளம் இட்ட துண்டைப் பிள்ளை நீட்டினாள்.

இனி மறுபடியும் அந்தக் கடைக்குப் போகவேண்டும். அவர் தலைக்கு மேலே, 2026 என்று ஒரு சாண் உயரச் சிவப்பு இலக்கங்களோடு, கடையின் பெயர் பொறித்த நாட்காட்டி தொங்கும். அதன் கீழே இருந்துதான் 2025 என்று எழுதினார் என்பது இப்போது நினைவுக்கு வர, குடித்த தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அந்த நாட்காட்டியை அடித்துக் கொடுத்தவனும் நான்தான். அதற்குரிய காசும் இன்னும் வரவில்லை.