ஏன் குடிக்கறதில்லைன்னு கேக்காதீங்க

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பையன் வெளிநாட்டுக்குக் கிளம்பினால் வீட்டில் சொல்லி அனுப்புகிற முதல் புத்திமதி, "குடி கிடின்னு பழகிக்காத கண்ணு" என்பதுதான். ஏதோ அந்த ஊர் ஏர்போர்ட்டில் இறங்கியதும் ஆளைப் பிடித்து வாயில் ஊற்றிவிடுவார்கள் என்கிற மாதிரி. நான் ஈரோடு மாவட்டம் கோபிப் பக்கம். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே ஒரு மெஷின் தயாரிக்கும் கம்பெனியில் சில வருடங்களாக வேலை. குடிப்பதில்லை. குடிக்காமல் இருப்பது அங்கே ஒரு சிரமமாகவே இல்லை. சிரமமெல்லாம் லீவில் ஊருக்கு வரும்போதுதான்.

"ஆரம்பிச்சுட்டான், வெள்ளைக்காரன் பெருமை" என்று அதற்குள் எழுதப் போகாதீர்கள். ஜெர்மனி ஒன்றும் ஒழுக்க பூமி இல்லை. இங்கே தமிழ்நாட்டில் 21 வயது ஆக வேண்டும். அங்கே 16 வயதுப் பையன் கடையில் போய் பியரும் வைனும் வாங்கலாம். நான் இருக்கிற பகுதியில் நெக்கர் ஆற்றை ஒட்டிய சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். செப்டம்பர் கடைசியில் ஸ்டுட்கார்ட்டின் கான்ஷ்டாட் திடலில் பெரிய திருவிழா நடக்கும். கூடாரத்துக்குள் லிட்டர் குவளையோடு பெஞ்சு மேல் ஏறி நின்று பாடுவார்கள். ஆஃபீசில் எல்லோருமாகச் சேர்ந்து மேசை பிடித்துப் போவோம். நானும் போவேன். பெஞ்சு மேல் ஏறுவதற்குக் குடித்திருக்க வேண்டும் என்று அங்கே கட்டாயம் இல்லை.

அந்த மேசையில் எனக்கு எதிரே வழக்கமாக உட்காருகிறவர் எங்கள் பிரிவின் மூத்த ஃபிட்டர். ஓய்வு பெறும் வயது. அவர் சொல்வது ஆல்கஹால் இல்லாத கோதுமை பியர். மற்றவர்கள் குடிக்கும் அதே உயரமான கிளாஸ், அதே நுரை. யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நான் ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்து வாங்கிக்கொள்வேன். அதையும் யாரும் கேட்டதில்லை.

ஒரு குளிர்காலத்தில் வாடிக்கையாளர் ஆலையில் வேலை முடித்து அவர் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவராகவே சொன்னார். ஒரு காலத்தில் குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸ் போனது, மனைவி போனது, ஆஸ்பத்திரியில் கிடந்தது, விட்டுப் பல வருடங்கள் ஆகியும் இன்னும் வாரம் ஒரு சாயங்காலம் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போவது, எல்லாம். "மேசையில் எவனாவது ஏன் என்று கேட்டிருந்தால் அடுத்த வருஷம் நான் அங்கே வந்தே இருக்க மாட்டேன்" என்றார்.

அவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு நாகரிகம் மட்டும் காரணம் இல்லை. நிறையக் குடிக்கிற சமூகத்தில் குடியால் கெட்டவர்களும், கெட்டு எழுந்தவர்களும் நிறைய. வேண்டாம் என்கிற ஒருவர் கர்ப்பிணியாக இருக்கலாம், மருந்து சாப்பிடுகிறவராக இருக்கலாம், அந்த ஃபிட்டர் மாதிரி குடியை விட்டவராக இருக்கலாம். கேட்டால் எந்தப் பதில் வந்து விழும் என்று தெரியாது. அதனால் கேட்பதில்லை. என்னைப் போல ஒரு கதையும் இல்லாமல், சும்மா பிடிக்காததால் குடிக்காதவன், அந்த மௌனத்தின் நிழலில் ஓசியில் உட்கார்ந்துகொள்கிறேன்.

சட்டமும் ஒரு கை கொடுக்கிறது. உணவகங்களுக்கான ஜெர்மன் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு: மெனுவில் ஆல்கஹால் இல்லாத பானம் ஒன்றாவது, அங்கே விற்கிற மிக மலிவான மதுவை விட விலை கூடாமல் இருக்க வேண்டும். பேச்சு வழக்கில் அதற்கு ஆப்பிள் ஜூஸ் பிரிவு என்றே பெயர். காசை மிச்சம் பிடிப்பதற்காக ஒருவன் பியர் பக்கம் போய்விடக் கூடாது என்பதுதான் கணக்கு.

போகிற பையன்களுக்கு இரண்டு மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். லேபிளில் ஆல்கஹால் இல்லாதது என்று போட்டிருந்தாலும் 0.5 சதவீதம் வரை இருக்கலாம். துளியும் வேண்டாம் என்பவர்கள் 0.0 என்று போட்டதைப் பார்த்து வாங்குங்கள். கிறிஸ்துமஸ் சந்தையில் ஆவி பறக்கக் கொடுக்கிற சிவப்புத் திரவம் சூடான வைன். பக்கத்திலேயே குழந்தைகளுக்கான பழச்சாறு பஞ்ச் இருக்கும். வெட்கப்படாமல் அதைக் கேளுங்கள், கோப்பை ஒன்றுதான். அப்புறம், நம் ஊர் பேக்கரியில் பிறந்த நாளுக்கு வாங்கும் பிளாக் ஃபாரஸ்ட் கேக்கை நம்பி அங்கே தட்டில் எடுத்துவிடாதீர்கள். அதன் சொந்த ஊரில் செர்ரிப் பழச் சாராயம் ஊற்றித்தான் செய்வார்கள்.

நஷ்டமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இரண்டாவது ரவுண்டு முடிந்த பிறகு ஒரே கதை மூன்று தரம் வரும். சிரிப்பது அவர்களுக்குச் சுலபம், எனக்கு உழைப்பு. அந்த நேரத்தில் எழுந்து வந்துவிடுவேன். நான் வந்த பிறகு நெருக்கமான பேச்சு ஏதாவது நடந்திருக்கும், அது எனக்குக் கிடைக்காது. அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

எனக்கு உறுத்துவது நம் ஆட்களிடம் உட்காரும்போதுதான். அங்கே தமிழர் வீட்டில் பொங்கலுக்குக் கூடினாலும், "இங்க வந்துமா குடிக்கல?" என்று ஆரம்பிப்பார்கள். ஜாதகத்தில் ஏதோ தோஷம் இருப்பதைப் போல ஒரு பார்வை. ஊருக்கு வந்தால் இன்னும் மேலே. வெளிநாட்டிலிருந்து இரண்டு லிட்டர் சரக்கு வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பது எங்கள் பங்காளிகளில் கைநாட்டு வைப்பவருக்கும் தெரியும். பெட்டியைத் திறந்ததும் சாக்லேட்டாக வந்தால் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

போன லீவில் சொந்தத்தில் ஒரு கெடா விருந்து. கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடி, கார் டிக்கி திறந்திருக்கிறது, ஐஸ் பெட்டி, பிளாஸ்டிக் டம்ளர். என் மாமன் மகன் ஒருவன் ஈரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து, குடியை விட்டு ஒரு வருஷம் ஓட்டியிருந்தான். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டிக்கி பக்கம் நின்றவர்களுக்கும் தெரியும். "மாப்ள, சாமிக்கு வெட்டுன கெடா. இன்னைக்கு ஒரு நாளைக்குப் போட்டா ஒண்ணும் ஆகாது" என்று ஒருவர். மாத்திரை சாப்பிடுகிறேன் என்றான். "எந்த டாக்டரு?" என்று இன்னொருவர், இவர் என்னவோ கேஸ் ஷீட் பார்க்கப் போவது போல. மூன்றாமவர், "பொண்டாட்டிக்குப் பயந்துட்டான்டா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பந்தியில் ரசம் ஊற்றி நாலு வாய் சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டான். கறிக்குழம்பு அவனுக்கு உயிர்.

என்னிடம் "ஏன் குடிக்க மாட்டீங்க?" என்று கேட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பிடிக்கலைங்க என்பேன், போச்சு. அதே கேள்வியை அவன் எத்தனை விசேஷத்தில் தாங்குவான்? பத்துத் தரம் தாங்குவான், பதினோராவது தரம் டம்ளரைக் கையில் வாங்கிவிடுவான். குடியை விடுபவர்களுக்கான ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் 1935இல் அமெரிக்காவில் தொடங்கின. இப்போது தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. அங்கே கற்றுக்கொண்டு வந்ததை நம் வேப்பமரத்தடியில் அரை மணி நேரத்தில் கலைத்துவிடுகிறோம்.

இத்தனைக்கும் குடியைப் பற்றி எங்கள் சீமை பேசாத பேச்சில்லை. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். பெரியார் சிறைக்குப் போனதும் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னால் வந்து நின்றார்கள். சேலம் தாதம்பட்டித் தோட்டத்தில் 500க்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தவர் பெரியார். ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததும் சேலம் ஜில்லாவில்தான். கள்ளிலும் சாராயத்திலும் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1987இல் கள்ளுக்குத் தடை. 2003இலிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்குப் போனது. (தென்னந்தோப்புக்காரர்கள் கள் இறக்க அனுமதி கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறவன் நான். நான் குடிக்காததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.)

நூறு வருஷமாகக் கடையைத் திறப்பதா மூடுவதா என்றே பேசியிருக்கிறோம். கடை திறந்து கிடக்கிற ஊரில் குடிக்கிறவனும் குடிக்காதவனும் ஒரே பந்தியில் எப்படி உட்காருவது என்று பேசவில்லை. அதனால் குடி டிக்கிக்குப் பின்னால் போய்விட்டது. ஒளிந்து குடிக்கிற இடத்தில் சும்மா நிற்பவன் ஒற்றன் மாதிரித் தெரிவான். ஒன்று நீயும் ஒரு வாய் போடு, இல்லாவிட்டால் வண்டி ஓட்ட வா. குடிக்காதவனுக்கு அங்கே வேறு உத்தியோகம் கிடையாது. பில்லில் பங்கு மட்டும் சரிசமம்.

குடிக்காதவர்கள் பக்கமும் கொஞ்சம் திரும்ப வேண்டும். "நான் தொட்டதே இல்லீங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறோமே, அதுவும் இந்தக் கேள்விக்குத் தீனிதான். குடிக்காததைப் பதக்கமாக மாட்டிக்கொண்டு திரிந்தால் எதிராளி அதைப் பிடுங்கத்தான் பார்ப்பான். காபி பிடிக்காதவன் எங்காவது அதற்கு மேடை போடுகிறானா?

தொழிலுக்காகக் குடிக்க வேண்டியிருக்கிறது என்பவர்களையும் கேட்டிருக்கிறேன். திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருக்கும் நண்பன் துணி வாங்க வரும் ஐரோப்பிய பையர்களோடு எத்தனையோ இரவுச் சாப்பாட்டில் உட்கார்ந்தவன். எலுமிச்சை சோடாவைத் தாண்டியதில்லை. "அவன் பார்க்கறது சாம்பிளையும் ஷிப்மெண்ட் தேதியையும். என்ற கிளாஸை எவன் பாக்கறான்?" என்பான். பையர் ஊருக்குப் போன பிறகு லோக்கலில் நடக்கிற பார்ட்டியில்தான் அவனுக்கு நச்சரிப்பாம். போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா போய் வந்த ஒருவரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்: கேம்பில் வற்புறுத்துவது உள்ளூர்க்காரர்கள் இல்லை, நம்ம பசங்க.

ஆளாளுக்குக் குடியை விடச் சொல்லி இதை எழுதவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023இல், மதுவில் ஆபத்தில்லாத அளவு என்று எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டது. படித்துவிட்டு அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், காரணம் கேட்காமல் வேறு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அந்த "வேறு" ஒன்று கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். நன்னாரி சர்பத் இல்லாத ஊரா இது? சீசனில் தெளுவு (பதநீர்) கிடைக்கிறது. கோலி சோடா கிடைக்கிறது. கூல்டிரிங்ஸ் என்றால் சரக்கில் கலக்கத்தான் என்று ஆக்கி வைத்திருக்கிறோம்.

அடுத்த மாதம் எங்கள் குலதெய்வக் கோயிலில் கெடா வெட்டு. சித்தப்பாவிடம் ஃபோனில் சொன்னேன், டிக்கி பக்கம் வேண்டாம், பந்தி ஓரமாகவே ஒரு ஐஸ் பெட்டி நிறையப் பன்னீர் சோடாவும் நன்னாரியும் போட்டு வையுங்கள், செலவு என்னுடையது, மாமன் மகனையும் கூப்பிடுங்கள் என்று. "அட போ சாமி, அத்தனையும் மிக்ஸிங்குக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க" என்றார். "அப்ப ரெண்டு பொட்டியாப் போட்றுங்க சித்தப்பா" என்றேன்.