ஷவர் என்ற பெயரில் ஒரு சித்திரவதை

பொலிவியாவின் சொராட்டா. இல்லம்பு பனிமலைக்குக் கீழே, 2,600 மீட்டருக்கு மேலே அமைதியான ஊர். விடுதி வாசலில் ‘24 மணி நேரமும் சுடுதண்ணீர்’ என்று போர்டு. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? ஷவர் தலைக்குள்ளேயே 5,500 வாட் கம்பிச்சுருள். மேலே தொங்கும் ஒயர், அதைச் சுற்றிக் கறுப்பு டேப். எர்த் ஒயரா? அது பாட்டுக்குச் சுருண்டு கிடக்கும்.

குழாயை முழுசாகத் திறந்தால் வெதுவெதுப்புகூட வராது. அந்த வாட்டுக்கு நிமிடத்துக்கு 4 லிட்டரைத்தான் 20 டிகிரி ஏற்ற முடியும். சரி என்று குறைத்தால்? உள்ளே மின்சாரத்தை இணைக்கும் ரப்பர் சவ்வைத் தள்ளத் தண்ணீரின் அழுத்தம் போதாமல் மின்சாரம் துண்டாகிவிடும். பனித்தண்ணீர்! இரண்டுக்கும் நடுவே நூலிழை இடம். அதைக் கண்டுபிடித்துத் தலையில் சோப்பும் போட்டாயிற்றா? அப்போதுதான் கூட வந்தவனுக்குப் பக்கத்து அறையில் பல் விளக்கத் தோன்றும். அழுத்தம் போச்சு. கத்தினால், “ஒரு நிமிஷம் மச்சி!” அடுத்த புண்ணியவான் கெட்டில் போடுவான். ஏற்கெனவே 25 ஆம்பியர் ஓடும் லைன், பிரேக்கர் விழும். அது எங்கே இருக்கிறது? பூட்டிய அறையில். சாவிக்காரர்? மதியச் சாப்பாட்டுக்குப் போயாச்சு, ஊரே கடையடைப்பு.

இதில், ஷவர் ஓடும்போதே, சூட்டைக் கூட்ட அதிலுள்ள லீவரை ‘குளிர்காலம்’ பக்கம் தள்ளச் சொல்லும் அறிவாளி வேறு! அப்படித் தள்ளினால் உள்ளே தீப்பொறி பறந்து காண்டாக்ட் கருகும். ஷவர் மேலேயே எச்சரிக்கை எழுதித்தான் இருக்கும், ஸ்பானிஷில். கண்ணில் சோப்போடு எவன் படிப்பான்?