தடைக்காலத்தில் கேட்ட பணம்

கடலூர்த் தம்பிகள் எடுக்க நினைத்த படத்துக்காக இணையத்தில் பலரிடம் பணம் திரட்டும் கிரவுட் ஃபண்டிங் போன வாரம் தோல்வியில் முடிந்தது. இலக்கில் கால்வாசிகூடத் தேறவில்லை. முழுத் தொகையும் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும் என்ற விதியுள்ள தளம் அது. அதனால் நான் போட்டதும் என் கணக்குக்கே திரும்பிவிட்டது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நல்ல சினிமாவுக்கு நம் ஜனங்கள் காசு கொடுக்க மாட்டார்கள்" என்று அதற்குள் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அந்த ஜனங்களிடம் யாரும் கேட்கவே இல்லை.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, கூடை சுமந்து விற்கும் பெண்களைப் பற்றிய கதை. பணம் கேட்டதோ மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இங்கே மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை சரிசெய்ய, இன்ஜின் வேலை பார்க்க என்று கையிருப்பும் கரைகிற நேரம். யாருடைய கதையோ, அவர்கள் வீட்டில் காசு புரளாத மாதம்.

கேட்ட விதமும் அப்படித்தான். ஒரு லிங்க், குறைந்தது ஆயிரம் ரூபாய், பதிலுக்கு ஒரு டி-ஷர்ட். எனக்குத் தெரிந்த மீன்காரம்மா ஒருவரிடம் போனில் டீசரைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். "ஐஸ் பெட்டி மேல உக்காந்திருக்கே, அது எங்க ஓர்ப்படி மாதிரியே இருக்குதுப்பா. நூறு ரூபா குடுத்தா வாங்கிப்பாங்களா?" என்று கேட்டார். அந்த நூறு ரூபாயை வாங்கிக்கொள்ள அந்த இணையப் பக்கத்தில் வழியே இல்லை.

இரண்டு ரூபாயில் படம் எடுத்த நாடு இது. 1976-ல் ஷியாம் பெனகல் இயக்கிய 'மந்தன்' படத்துக்குக் குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டார்கள். கூட்டுறவுச் சங்கமாக ஏற்கெனவே ஒன்றுசேர்ந்திருந்தவர்கள் அவர்கள். 1986-ல் வந்த 'அம்மா அறியான்' படத்துக்கு இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா திரைப்படக் குழுவினரும் கேரளத்தில் ஊர் ஊராகப் படம் திரையிட்டுப் பணம் சேர்த்தார்கள். கன்னட 'லூசியா'வுக்கு இணையத்திலேயே 27 நாளில் அரைக்கோடிக்கு மேல் வந்தது. ஆனால் அதன் இயக்குநர் பவன்குமார் அதற்கு முன்பே ஒரு படம் இயக்கிப் பெயர் வாங்கியவர். எல்லா இடத்திலும் முதலில் கூட்டம், அப்புறம்தான் நிதி.

நம் மீனவக் கிராமங்களுக்கு இதெல்லாம் புதிதா என்ன? திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டால் வீடு வீடாகச் சேர்ந்துவிடுகிறது. முடிந்த பிறகு கோயில் வாசலில் உட்கார்ந்து பந்தல், மேளம், ரேடியோ செட், வாணவேடிக்கை என்று வரவு செலவைச் சத்தமாக வாசிப்பார்கள். ஒரு தொகை இடித்தால் அங்கேயே கேள்வி வரும். அந்தக் கணக்கு தரும் நம்பிக்கையில்தான் அடுத்த வருஷமும் கொடுக்கிறார்கள். தம்பிகளின் இணையப் பக்கத்தில் 'தயாரிப்புச் செலவு' என்று ஒரே வரி. கேமரா வாடகை எவ்வளவு, படப்பிடிப்பு எத்தனை நாள், சாப்பாட்டுக்கு என்ன, தளத்துக்குக் கமிஷன் எவ்வளவு, எதுவும் இல்லை.

லாபத்தில் பங்கு தருவதாகச் சொல்லியிருந்தால் பணம் கொட்டியிருக்கும் என்று மட்டும் தயவுசெய்து யாரும் யோசனை சொல்லாதீர்கள். அப்படிப் பொதுமக்களிடம் வாங்கினால், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகளில் போய் மாட்டிக்கொள்வார்கள்.

தம்பிகளா, பணம் திரும்பிப் போனதில் ஒரு நல்லதும் இருக்கிறது. அரைகுறைத் தொகையில் பாதிப் படத்தோடு நின்றிருந்தால் இந்த ஊரில் இனி யாரும் சினிமாவுக்கு என்று கை நீட்ட முடியாது. இப்போது யாருக்கும் பாக்கி இல்லை. தடையும் முடிந்துவிட்டது. மழை பிடிப்பதற்குள், ஆவணியில் ஒரு சாயங்காலம் நம் மீனவக் கிராமமான சோனாங்குப்பத்தில் திரை கட்டி, எடுத்த வரைக்கும் போட்டுக் காட்டுவோம். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் நான் பேசுகிறேன். புரொஜெக்டர், ஸ்பீக்கர் வாடகை என் பொறுப்பு. நூறு ரூபாய்க்கும் ரசீது கொடுக்கிற மாதிரி புத்தகம் மட்டும் அடித்துக்கொண்டு வாருங்கள்.