ராபர்ட் கிளைவைத் தண்டித்ததா பிரிட்டிஷ் நாடாளுமன்றம்?

"இந்தியாவைக் கொள்ளையடித்த கிளைவைக் குற்றவாளி என்று அறிவித்து, சொத்தைப் பறிமுதல் செய்தது பிரிட்டிஷ் நாடாளுமன்றம், அவமானத்தில் செத்தார்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது வேறு.

விசாரணை நடந்தது உண்மை. 1757இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வங்காளத்தில் கிளைவ் வென்ற பிளாசிப் போருக்குப் பிறகு அவர் 2,34,000 பவுண்ட் பெற்றதை, 1773 மே மாதம் பிரிட்டிஷ் மக்களவை பதிவு செய்தது. சரி, தண்டனை? எதுவும் இல்லை. அதே அவை, அவர் நாட்டுக்குப் பெரும் சேவை செய்ததாகவும் தீர்மானம் போட்டது! சொத்தும் போகவில்லை, ஷ்ரூஸ்பரி தொகுதி உறுப்பினர் பதவியும் போகவில்லை.

1774 நவம்பர் 22 அன்று லண்டன் வீட்டில் இறந்தார். தற்கொலை என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. நெடுநாள் வயிற்றுவலியும் அபின் பழக்கமும் அவருக்கு இருந்தன. நாடாளுமன்றத் தீர்ப்புதான் கொன்றது என்பதற்கு ஆதாரம் கிடையாது.