லாரி ஓட்டற ஹெவி லைசென்சுக்கு கவர்மெண்டே பணம் கட்டுதுன்னு இனி எங்கிட்ட சொல்லாதீங்க

நேத்து சாயங்காலம் சங்ககிரி பைபாஸ் ஓரத்துல ஒரு பேக்கரில நின்னு டீ குடிச்சிட்டிருந்தேன். தெரிஞ்சவர் ஒருத்தர் போனை நீட்டி, "ஏனுங்கண்ணா, ஹெவி டிரைவிங் கத்துக்க கவர்மெண்டே பணம் கட்டுதாமா, உங்க அக்கா பையனைச் சேத்தி உடலாமுங்களே"ன்னார். வந்த கோவத்துல டீயைப் பாதில வெச்சிட்டு வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். அவர் மேல தப்பில்லீங்க. நாங்க பட்ட பாடு அவருக்குத் தெரியாது. ராத்திரி பூராத் தூக்கமில்ல, அதான் எழுதறேன்.

நான் 26 வருசமா லாரி ஓட்டறவன். என்ற அக்கா பையன் பள்ளிபாளையத்துல தறி ஓட்டறான், 23 வயசு. போன வருசம் ஆடி நோம்பிக்கு வந்தப்ப, "மாமா, தறிச்சத்தத்துல காதே போயிரும்போல இருக்குது, நானும் வண்டிக்கு வந்தர்றேன்"னான். எனக்கு அவ்வளவு சந்தோசம். இந்தத் தொழிலுக்கு வர்றேன்னு வாயத் தொறந்து சொல்ற பசங்க இப்ப எங்கீங்க இருக்கறாங்க?

ஹெவிக்கு எல்எல்ஆர், அதான் பழகுநர் லைசென்ஸ், போடோணும்னா 20 வயசு ஆயிருக்கோணும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருசம் முடிஞ்சிருக்கோணும். அது ரெண்டும் அவன்கிட்ட இருந்துச்சு. அப்புறம் டிரைவிங் ஸ்கூல் குடுக்கற சர்ட்டிபிகேட். அதுக்குத்தான் பணம். பக்கத்துல விசாரிச்சதுல லைசென்ஸ் செலவு சேத்தி 18 ஆயிரம்னாங்க. அக்கா வீட்ல அப்ப ஏலச்சீட்டு கட்டவே திண்டாட்டம். அப்பத்தான் அரசுத் திட்டத்துல சேந்தா ஒத்தப் பைசா வேண்டாம், சாப்பாட்டுக்கும் பஸ்சுக்கும் உதவித்தொகை உண்டுன்னு கேள்விப்பட்டு எழுதிப் போட்டோம்.

அன்னிக்கு ஆரம்பிச்ச அலைச்சல். ஆதார்ல பழைய போன் நம்பர் இருந்துச்சு, அதை மாத்த ஒரு நாள். வருமானச் சான்றுக்கு இ-சேவைல 60 ரூபா கட்டி எழுதிட்டு, விஏஓ ஆபீசுக்கு மூணு நடை. சாதிச் சான்று பழைய அட்டையா இருக்குது, கம்ப்யூட்டர்ல எடுத்தது வேணும்னு இன்னொரு நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு ஷிப்டு போச்சு. தறிக்காரனுக்கு ஷிப்டுக்குப் போனாத்தான் கூலி. இலவசமா எதையாச்சும் வாங்கறதுக்கு முன்னாடியே அந்தப் பையன் ஒரு வாரக் கூலியைக் கட்டியாச்சு. இந்தக் கணக்கை எந்த அதிகாரியாச்சும் ஒருக்கா போட்டுப் பாத்திருப்பாங்களா?

கடைசில திட்டத்துக்குப் பேர் பதியற ஆபீசுல பத்தாவது மார்க் ஷீட்டு கேட்டாங்க. பையன் ஒன்பதாவதோட நின்னவன். அந்த மேசை முன்னாடியே கத்திட்டேன். லாரி ஓட்டறவன் எட்டாவது படிச்சிருக்கோணும்னு இருந்த விதியை மத்திய அரசு 2019-லயே எடுத்துருச்சு. லைசென்ஸ் குடுக்கற சட்டமே படிப்பு கேக்கல. அந்த லைசென்சுக்குப் பயிற்சி குடுக்கற திட்டம் எதுக்குங்க பத்தாவது கேக்குது? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தம்மா, "அந்தக் கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் ஏத்துக்காதுங்க"ன்னாங்க. அப்புறம் அவங்களே அரை மணி நேரம் தேடி, எட்டாவது போதும்னு இருந்த வேற ஒரு பேட்ச்சுல பேரைச் சேத்துனாங்க. அந்தம்மா நல்லவங்க, அவங்களைக் குத்தம் சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். ஆனா அந்த அரை மணி நேரம் தேட மனசில்லாத ஒருத்தர் அன்னிக்கு அங்க உக்காந்திருந்தா, பையன் வாசல்லயே திரும்பிருப்பான். எத்தனை பசங்க அப்படித் திரும்பிப் போனாங்களோ.

30 பேர் சேந்தாத்தான் பேட்ச் ஆரம்பிப்போம்னாங்க. அஞ்சு மாசம் காத்துக் கெடந்தோம். திடீர்னு ஒரு நாள், நாளைக்குக் காத்தால வரோணும்னு மெசேஜ். தறி முதலாளிகிட்ட முன்கூட்டியே சொல்ல முடியல. சொல்லாம நின்னான்னு அந்த வேலையும் போச்சு.

சரி, கத்துக்கிட்டாப் போதும்னு இருந்தோம். அங்கதான் என் வயிறு எரியுது. அங்கீகாரம் வாங்கின மையத்துல ஹெவி பயிற்சி 6 வாரத்துக்குள்ள 38 மணி நேரம் நடக்கோணும்னு விதியே இருக்குது. என்ற அக்கா பையன் போன எடத்துலயும் 6 வாரம்தான் நடந்துச்சு. ஆனா 30 பேருக்கு ஒரே வண்டி. பாதி நாள் கட்டடத்துக்குள்ள உக்கார வெச்சு டிவில படம் போட்டாங்க. விரல் வெச்சு வருகைப் பதிவு மட்டும் ஒரு நாளும் தப்பல. பேனர் புடிச்சு போட்டோ எடுக்கறதும் தப்பல. பையன் ஒரு நோட்டுல தினமும் எத்தனை நிமிசம் ஸ்டியரிங் புடிச்சான்னு எழுதி வெச்சிருந்தான். நான் உக்காந்து கூட்டினேன். 6 வாரத்துக்கு மொத்தம் 4 மணி 10 நிமிசம். அதுவும் காலி வண்டி, மைதானத்துக்குள்ள, ரெண்டாவது கியருக்கு மேல போகவே இல்ல.

4 மணி 10 நிமிசம். நாமக்கல்ல இருந்து பெங்களூரு போகறதுக்குள்ள அதை விட அதிக நேரம் ஓட்டுவோம்.

லாரி ஓட்டாதவங்களுக்கு இது புரியோணும். தருமபுரில இருந்து சேலம் வர்றப்ப தொப்பூர் இறக்கம் இருக்குது. பத்து வீல் வண்டி, லோடோட 28 டன். டீசல் மிச்சம் புடிக்கறேன்னு நியூட்ரல்ல உட்டா வண்டி இழுத்துட்டுப் போகும். அப்புறம் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வரோணும். மிதிக்க மிதிக்க டிரம் சூடாகி, கடைசில மிதி இருக்கும், பிடி இருக்காது. மேல இருக்கறப்பவே கியரைக் குறைச்சு, இன்ஜினே வண்டியப் புடிக்கற மாதிரி எறக்கோணும். இதைப் படம் போட்டுச் சொல்லித் தர முடியாது. லோடு வண்டில பக்கத்து சீட்டுல பழுத்த டிரைவர் ஒருத்தர் உக்காந்து, "இப்பப் போடுடா கியரை"ன்னு சொல்லி, கால்லயும் முதுகுலயும் அந்த கனத்தை உணர்ந்தாத்தான் வரும். அந்த இறக்கத்துல நான் பாத்த வண்டிகளை இங்க எழுத எனக்கு மனசு வல்ல.

எனக்கு இதை யார் சொல்லிக் குடுத்தாங்க? எந்த ஸ்கூலும் இல்ல. கிளீனரா ஏறினேன். நாலு வருசம் தார்ப்பாய் கட்டி, ஸ்டெப்னி மாத்தி, ராத்திரில டிரைவர் கண்ணைப் பாத்துப் பேச்சுக் குடுத்து, அப்புறம்தான் வெறும் ரோட்டுல ஸ்டியரிங்கைக் கையில குடுத்தார். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுல இன்னிக்கு லாரியும் போர் போடற ரிக் வண்டியும் வெச்சிருக்கற எத்தனையோ ஓனர்கள் அப்படி கிளீனரா ஏறி வந்தவங்கதான். இந்தப் பூமில டிரைவிங் ஸ்கூல்னா அதுதான். இப்ப வாடகை கட்டுபடியாகலன்னு பாதி வண்டில கிளீனரே கெடையாது. வெளி மாநிலம் போற நேஷனல் பர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் வேணும்ங்கற விதியையும் 2018-ல எடுத்துட்டாங்க. ஆக, பக்கத்து சீட்டு காலி. அந்த சீட்டுல உக்காந்து கத்துக்க வேண்டியதைத்தான் இந்தத் திட்டம் சொல்லித் தந்திருக்கோணும். அதைத்தான் அது தொடவே இல்ல.

சர்ட்டிபிகேட் வந்துச்சு, டெஸ்ட் போட்டு லைசென்சும் வந்துச்சு. எடுத்துட்டு நாலு ஓனர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். எல்லாருமே எனக்கு வேண்டப்பட்டவங்க. "மூணு வருசம் ஓட்டியிருக்கானா?"ன்னு கேட்டாங்க. நான் என்னங்க சொல்லட்டும்? கடன்ல ஓடற வண்டிய 4 மணி நேரம் ஓட்டினவன் கையில எப்படிக் குடுப்பாங்க? நானே குடுக்க மாட்டேன். ஆனா அதே ஓனருங்க டிரைவர் கெடைக்காம வண்டிய செட்டுல நிறுத்தி வெச்சிருக்கறாங்க. நாட்டுல 22 லட்சம் டிரைவர் பத்தலன்னு மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே 2025-ல சொன்னார். அந்தப் பக்கம் ஆள் இல்ல, இந்தப் பக்கம் லைசென்ஸ் வெச்சிட்டு வேலை இல்ல. நடுவுல செலவான அரசுப் பணம் எங்கீங்க போச்சு?

எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். பயிற்சி மையம் கட்டறதுக்கு மத்திய அரசு கோடிக்கணக்குல மானியம் குடுக்குது. பயிற்சி நடத்தறவங்களுக்குத் தலைக்கு இவ்வளவுன்னு பணம் போகுது. தலையை எண்ணறாங்க, சர்ட்டிபிகேட்டை எண்ணறாங்க. ஸ்டியரிங் புடிச்ச நிமிசத்தை யாருமே எண்ணல. ஒரு தறிக்காரப் பையன் நோட்டுப் போட்டு எண்ணினான், அவ்வளவுதான்.

கட்டடம் வேண்டாம்னு சொல்லல. சித்தோட்டுல இன்ஜினியரிங் காலேஜும் பெருந்துறைல மெடிக்கல் காலேஜும் ஐஆர்டின்னு சாலைப் போக்குவரத்து நிறுவனம் கட்டினதுதான். பஸ் ஓட்டின தொழிலாளிங்க சம்பளத்துல புடிச்ச காசும் அதுல இருக்குதுன்னு எங்க பெரியப்பா சொல்லுவார். போக்குவரத்துக்காரங்க காசுல டாக்டரையும் இன்ஜினியரையும் உருவாக்க முடிஞ்ச இதே கொங்கு மண்ணுல, ஒரு நல்ல லாரி டிரைவரை உருவாக்க முடியலன்னா எனக்கு அடிவயிறு கலங்குது.

எனக்கு வேண்டியது பெருசா ஒண்ணுமில்ல. அந்தப் பணத்தைப் பையன் பேர்ல போடுங்க. எந்த ஸ்கூல்ல நல்லாச் சொல்லித் தர்றாங்கன்னு எங்களுக்குத் தெரியும், நாங்க அங்க போய்க்கறோம். படிக்கற ஆறு வாரத்துக்குத் தறிக்கூலில பாதியாச்சும் அந்தந்த வாரமே கையில குடுங்க, ஏன்னா அவன் வீட்ல அடுப்பு எரியோணும். லைசென்ஸ் வந்தப்புறம் ஆறு மாசம் லோடு வண்டில ரெண்டாவது டிரைவரா ஏத்துங்க, அதுக்கு உண்டான படியை அரசு குடுக்கட்டும். எந்த ஓனரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. இப்ப டிவி படத்துக்கும் பேனருக்கும் போற காசுல இதைச் செய்ய முடியாதா?

உதவித்தொகை வரும்னு சொன்னாங்கள்ல, அது இன்னிக்கு வரைக்கும் வல்ல. பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ் மூணு தடவை குடுத்தாச்சு. போன வாரம் போன் பண்ணினா, பேட்ச்சே முடிஞ்சுருச்சு, பில் மேல போயிருச்சுன்னு சொல்லி வெச்சுட்டாங்க. நாளைக்கு எனக்கு ஓசூருக்கு லோடு. பையனைக் கூட்டிட்டுப் போறேன், படி என் கைக்காசு. தொப்பூர்ல அவனைப் பக்கத்து சீட்டுலதான் உக்கார வெப்பேன், கியரை எங்க குறைக்கறேன்னு பாக்கச் சொல்லுவேன். திங்கக்கெழமை திரும்பினதும் ரெண்டு பேருமா அந்த ஆபீசுக்குப் போறோம். அந்த நோட்டையும் எடுத்துட்டுத்தான் போறோம்.