நர்சுக்குத் தியரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாயிற்று. "ஊசி போடணும், ட்ரிப்ஸ் ஏத்தணும், டாக்டர் சொன்னதைச் செய்யணும், இதுக்கு எதுக்குத் தியரி" என்று அதில் ஒருவர் பேசியதுகூடப் பரவாயில்லை. கீழே வந்து ஆமாம் போட்டவர்களில் நம் துறைக்காரர்களும் இருந்ததுதான் வலிக்கிறது.

ஊசியை எப்படிப் போடுவது என்பது செய்முறை. இந்த நோயாளிக்கு ஊசியைத் தவிர வேறென்ன வேண்டும், அதில் எதை நாம் செய்வது, எதை அவரையே செய்ய விடுவது என்று யோசிக்க வைப்பது தியரி. அது இல்லாத வார்டில் டாக்டரின் ஆர்டர் ஷீட்டில் எழுதியது மட்டும் நடக்கும். எழுதாதது யார் பொறுப்பிலும் இல்லாமல் கிடக்கும்.

பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டரில் மாத்திரை, பிபி சார்ட், பிசியோ இருக்கும். நர்சிங் அறிஞர் டொரோத்தியா ஓரெமின் சுயபராமரிப்புக் கோட்பாடு கேட்கிற கேள்வி வேறு: தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இவரால் இன்று எவ்வளவு முடிகிறது, எவ்வளவு முடியவில்லை? முடியாத அளவுக்குத்தான் நர்ஸ் கைகொடுக்க வேண்டும். நினைவில்லாமல் கிடக்கும்போது எல்லாமே நாம்தான்: இரண்டு மணி நேரத்துக்கொரு முறை திருப்பிப் படுக்க வைப்பது, வாய் சுத்தம், தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது. நினைவு தெளிந்ததும் பாதி நாம், பாதி அவர். வீட்டுக்குப் போகிற கட்டத்தில் நம் வேலை சொல்லிக்கொடுப்பதும் தைரியம் கொடுப்பதும்.

வார்டில் கோட்டை விடுவது அந்த நடுக்கட்டத்தில்தான். விழுங்கும் பரிசோதனை முடிந்து வாய்வழியாகக் கொடுக்கலாம் என்றானதும், நேரமில்லையென்று நாமோ அட்டெண்டரோ அள்ளி ஊட்டிவிடுகிறோம். அரைகுறையாகச் சாய்ந்த நிலையில் ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும், நிமோனியாவில் கொண்டுபோய் விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியில், ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய். பலவீனமான பக்கத்துக் கன்னத்தில் சோறு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்க வேண்டும். இதெல்லாம் செய்முறை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கரண்டியை அவருடைய இடது கையில் கொடுத்துவிட்டு, சிந்தினாலும் பரவாயில்லை என்று பக்கத்தில் நின்று பார்க்கிற முடிவு இருக்கிறதே, அது ஓரெம் படித்ததால் வருவது.

"மேல்நாட்டுச் சரக்கு, நம்ம ஊருக்குப் பொருந்தாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். பண்பாட்டுக்கேற்ற பராமரிப்பைப் பற்றி எழுதிய நர்சிங் அறிஞர் மேடலின் லைனிங்கரைப் படித்த பிறகு எழுதியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நோயாளியின் பழக்கவழக்கத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னவர் அவர்: அப்படியே விடுவது, பேசிச் சற்று மாற்றிக்கொள்வது, அடியோடு மாற்ற உதவுவது. பிரசவ வார்டுக்குப் பொருத்திப் பாருங்கள். பூண்டுக் குழம்பும் பத்தியச் சோறும் இருக்கட்டும். "தண்ணி அதிகம் குடிக்கக் கூடாது" என்றால் பாட்டியோடு உட்கார்ந்து பேசி, வெந்நீராகவாவது தாகத்துக்குக் குடிக்க வைக்கலாம். பிறந்த குழந்தைக்குச் சேனை (நாக்கில் தேன் தொட்டு) வைப்பதை மட்டும் அனுமதிக்கவே கூடாது. தேனில் பாட்டுலிசம் என்ற நோயின் கிருமி இருக்கலாம், சீம்பாலும் தள்ளிப்போகும். மூன்றையும் ஒரே அதட்டலில் தடுக்கிற சிஸ்டரின் பேச்சை யாரும் கேட்பதில்லை. அவர் தலை மறைந்ததும் சேனை வைத்துவிடுகிறார்கள்.

"நாற்பது பேருக்கு ஒரு நர்ஸ், இதில் எங்கே தியரி?" இந்தக் கேள்வியில் இருக்கிற வேதனை எனக்கும் உண்டு. ஆள் போடச் சொல்லிப் போராடுவோம், கூடவே நிற்கிறேன். ஆனால் கை குறைவாக இருக்கும்போதுதான் யாருக்கு முழு உதவி, யாருக்குப் பாதி, யாருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்ற கணக்கு இன்னும் அவசியம். பரீட்சைக்கு முந்தின இரவு கேர் பிளானை (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தை) பார்த்து எழுதுகிறார்களே என்றால், அது கற்பிக்கிறவர்களின் குறை. தியரி அதுபாட்டுக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

உண்மையில் இந்த வீடியோகூட எனக்குப் பெரிதில்லை. நவீன நர்சிங்கின் முன்னோடி ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த மே 12 வந்தால் பூ கொடுக்கிறீர்கள், தேவதை என்கிறீர்கள். 1859-லேயே காற்று, வெளிச்சம், சத்தம், சாப்பாடு என்று ஒவ்வொன்றாக எடுத்து, நோயாளி தேற எது வேண்டும் என்று கவனித்து எழுதியவர் அவர். கருணைக்காக மட்டும் அவரை நினைத்தால், அவருடைய படிப்பையும் புள்ளிவிவரக் கணக்கையும் யார் நினைப்பது? எங்களுக்கும் அதேதான் நடக்கிறது. சேவை மனசு என்று பாராட்டுவார்கள், டிஸ்சார்ஜ் முடிவு பண்ணும்போது ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். இவர் தனியாக பாத்ரூம் போகிறாரா, இன்சுலின் பேனாவைத் தானே பிடித்துப் போடுகிறாரா, ராத்திரி பயந்து எழுந்துகொள்கிறாரா, எல்லாம் நர்ஸ் நோட்ஸில் ஷிப்டுக்கு ஷிப்டு எழுதி வைத்திருக்கிறோம். ரவுண்ட்ஸில் அந்தப் பக்கத்தையும் புரட்டுங்கள்.